கலப்பு விளையாட்டு: வாசற்படியா, வலையா?



இன்றைய அரங்கின் தலைப்பு பலருக்குப் புதிதாக இருக்கலாம். கணினியின் முன்போ கைப்பேசியின் முன்போ அமர்ந்திருக்கும் பிள்ளையைத் தூரத்திலிருந்து பார்க்கும் பெற்றோருக்கு எல்லா வீடியோ விளையாட்டும் ஒன்றாகவே தோன்றும். விரல் ஓடுகிறது, சத்தம் கேட்கிறது, சாப்பாடு ஆறுகிறது. ஆனால், திரைப்படத்தில் சண்டைப் படம், குடும்பப் படம், துப்பறியும் படம் என்று வகைகள் இருப்பதுபோல் வீடியோ விளையாட்டிலும் வகைகள் உண்டு. சுடுவது ஒரு வகை. பந்தாட்டம் ஒரு வகை. மணிகளை அடுக்குவது இன்னொரு வகை. அவற்றுள் ஆழம் மிகுந்ததாகவும், புதியவர்கள் நுழையக் கடினமானதாகவும் கருதப்பட்டு வந்தது ‘ஆர்.பி.ஜி.’ எனப்படும் பாத்திரமேற்பு விளையாட்டு. அதை வேறொரு வகையோடு சேர்த்துச் செய்வதே கலப்பு விளையாட்டு. இந்தக் கலப்பு, பிள்ளைகளை நல்லதொரு வீட்டுக்குள் அழைத்துச் செல்லும் வாசற்படியா, அல்லது வேறெதற்கோ விரிக்கப்பட்ட வலையா என்பதே இன்று எழும் கேள்வி.

பரமபதமும் சதுரங்கமும்

பாத்திரமேற்பு விளையாட்டு என்றால் என்ன என்பதை வீட்டில் உள்ள பழைய விளையாட்டுகளைக் கொண்டே விளக்கலாம். பரமபதத்தில் எல்லாமே பகடையின் கையில் இருக்கிறது. ஏணியா, பாம்பா என்பதை ஆடுபவர் முடிவு செய்வதில்லை. சதுரங்கத்தில் இதற்கு நேர்மாறாக, எல்லாமே ஆடுபவரின் முடிவு. அதிர்ஷ்டத்துக்கு அங்கே இடமில்லை. பாத்திரமேற்பு விளையாட்டு இந்த இரண்டுக்கும் இடையில் நிற்கிறது. என்ன செய்வது என்பதை ஆடுபவர் முடிவெடுக்கிறார். அது எந்த அளவுக்குப் பலிக்கும் என்பதைப் பகடை சொல்கிறது.

இன்னொன்றும் உண்டு. சதுரங்கத்தில் குதிரை கடைசிவரை குதிரைதான். கடைசிக் கட்டத்தை எட்டும் சிப்பாய் மட்டுமே ராணியாக உயர முடியும். பாத்திரமேற்பு விளையாட்டில் அந்தச் சிப்பாயின் பயணம்தான் முழுக் கதையும். ஒன்றும் அறியாத ஒருவன் அல்லது ஒருத்தி அனுபவம் பெற்று, திறமை வளர்த்து, தோழர்களைச் சேர்த்து, நல்லதும் கெட்டதுமான முடிவுகளை எடுத்து, அவற்றின் பலனைச் சுமந்து வளர்கிறார்கள். ‘பாத்திரம்’ என்ற சொல்லின் பொருள் அதுவே.

மேசையில் பிறந்த கலப்பு

இந்த விளையாட்டு கணினியில் பிறந்ததன்று. 1974-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் உள்ள லேக் ஜெனீவா என்ற சிறிய ஊரிலிருந்து ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ வெளிவந்தது. கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் ஆகிய இருவரும் அதை உருவாக்கினார்கள். ஒரு பெட்டிக்குள் மூன்று சிறு புத்தகங்கள். முதல் பதிப்பு 1,000 பிரதிகள். மேசையைச் சுற்றி நண்பர்கள் அமர்வார்கள். ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்று, என்ன செய்யப் போகிறார்கள் என்று வாயால் சொல்லி, பகடையை உருட்டுவார்கள்.

இதிலேயே ஒரு செய்தி இருக்கிறது. அந்நாளில் பொம்மைப் படைகளை மேசையில் நிறுத்திப் போரிடும் விளையாட்டுகள் பிரபலமாக இருந்தன. அந்தப் போர் விதிகளோடு வேடமேற்கும் நாடகத்தைச் சேர்த்தபோதுதான் இந்த வகையே பிறந்தது. ஆகவே, கலப்பு என்பது பின்னாளில் வந்து தூய்மையைக் கெடுத்த ஒன்றன்று. பாத்திரமேற்பு விளையாட்டு பிறக்கும்போதே கலப்பாகத்தான் பிறந்தது.

பிறகு இது கணினிக்கும் பெயர்ந்தது. ரிச்சர்ட் கேரியட்டின் ‘அல்டிமா’வும், ஆண்ட்ரூ கிரீன்பெர்க், ராபர்ட் வுட்ஹெட் ஆகியோரின் ‘விஸார்ட்ரி’யும் 1981-இல் வெளியாயின. ‘விஸார்ட்ரி’யைத் தொடங்கும் முன்னரே ஆறு பேர் வரை கொண்ட குழுவை உருவாக்கிக்கொள்ள வேண்டும். நிலவறையின் வரைபடத்தைக் கட்டம் போட்ட தாளில் ஆடுபவரே வரைந்துகொண்டு போக வேண்டும். பாத்திரம் இறந்தால் உயிர்ப்பிக்க முயலலாம். முயற்சி தோற்றால் அது சாம்பலாகும். மறுபடியும் தோற்றால் ஒரேயடியாக அழிந்துவிடும். பொறுமைசாலிகளுக்கு அது விருந்து. மற்றவர்களுக்குப் பூட்டிய கதவு.

அரசனின் அறையில் ஒரு பாடம்

அந்தக் கதவைப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டவர்களுள் முதலில் சொல்லத்தக்கவர் ஜப்பானின் யுஜி ஹோரி. அவர் ‘விஸார்ட்ரி’, ‘அல்டிமா’ இரண்டையும் விரும்பி ஆடியவர். அவற்றின் சுவையைக் கணினி அறியாத சிறுவர்களுக்கும் கொண்டுசெல்ல நினைத்து உருவாக்கியதே, 1986-ஆம் ஆண்டு மே மாதம் நிண்டெண்டோவின் ஃபாமிகாம் கருவிக்கு வெளியான ‘டிராகன் குவெஸ்ட்’. புகழ்பெற்ற சித்திரக்கதைக் கலைஞர் அகிரா தொரியாமா அதற்குப் பாத்திரங்களை வரைந்தார்.

அதன் தொடக்கம் ஆசிரியர்கள் கவனிக்கத்தக்கது. வீரன் அரசனின் அறையில் நிற்கிறான். கதவு பூட்டியிருக்கிறது. வெளியே போக வேண்டுமென்றால் முதலில் அரசனிடம் பேச வேண்டும். பிறகு அங்குள்ள பெட்டிகளைத் திறக்க வேண்டும். ஒரு பெட்டியில் சாவி இருக்கும். அதை எடுத்துக் கதவைத் திறந்து, படியில் இறங்க வேண்டும். அந்த ஓர் அறையைக் கடந்த சிறுவன் பேசுதல், தேடுதல், எடுத்தல், பயன்படுத்துதல் என்ற அடிப்படைகள் அனைத்தையும் தன்னையறியாமலே கற்றுவிடுகிறான். தடித்த கையேட்டுக்கு அங்கே வேலையில்லை.

இன்னொரு விதி அதைவிட முக்கியமானது. வீரன் தோற்று விழுந்தால் மீண்டும் அரசனின் முன் எழுவான். கையிலிருந்த பொன்னில் பாதி போய்விடும். ஆனால், பெற்ற அனுபவம் போகாது. தோல்விக்கு விலை உண்டு, ஆனால் கற்றது வீணாவதில்லை என்பதை அந்த விதி ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல் உணர்த்திவிடுகிறது.

தெரிந்ததைப் பிடித்துக்கொண்டு தெரியாததற்குள்

டிராகன் குவெஸ்ட் பாத்திரமேற்பு விளையாட்டையே எளிமையாக்கியது. கலப்பு விளையாட்டுகள் வேறொரு வழியைப் பிடித்தன. ஆடுபவருக்கு ஏற்கெனவே கைவந்த ஒரு விளையாட்டை எடுத்து, அதனுள்ளே பாத்திரமேற்பின் விதிகளை ஒவ்வொன்றாகப் புகுத்தின. நீச்சல் பழகுபவன் கரையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு காலை அடிப்பதுபோல இது.

1996-இல் ஸ்குவேர் நிறுவனம் உருவாக்கி நிண்டெண்டோ வெளியிட்ட ‘சூப்பர் மாரியோ ஆர்.பி.ஜி.’ நல்ல உதாரணம். மாரியோ என்றால் குதிப்பவன் என்று உலகமே அறியும். அந்த மாரியோவை முறை வைத்துத் தாக்கும் போருக்குள் கொண்டுவந்தார்கள். ஆனால், தாக்கும்போது சரியான நொடியில் பொத்தானை அழுத்தினால் அடி கூடுதலாக விழும். காலம் பார்த்துக் குதித்துப் பழகிய கைக்கு அங்கேயும் வேலை இருந்தது. கை பழையதைச் செய்துகொண்டிருக்கும்போதே, மனம் புதியதைக் கற்றுக்கொண்டது. அந்த விளையாட்டு 2023-இல் புதுப்பொலிவுடன் மீண்டும் வெளியானது, அதன் ஈர்ப்பு குன்றவில்லை என்பதற்குச் சான்று.

2007-இல் வந்த ‘பஸில் குவெஸ்ட்’ இதைவிடத் துணிச்சலானது. ஆஸ்திரேலியாவின் ஸ்டீவ் ஃபாக்னர் தலைமையிலான இன்ஃபினிட் இன்டராக்டிவ் குழுவின் படைப்பு அது. ஒரே நிற மணிகள் மூன்றை வரிசையாக்கும் விளையாட்டைப் பேருந்தில் போகும் பாட்டிகூட இன்று ஆடுகிறார். பஸில் குவெஸ்டின் களமும் அதுவேதான். எட்டுக்கு எட்டுக் கட்டம். ஆனால், மணிகள் வெறும் மணிகள் அல்ல. சிவப்பு, பச்சை, மஞ்சள், நீல மணிகள் மந்திரத்துக்கான சக்தியைத் தரும். மண்டையோடுகள் எதிரியைத் தாக்கும். நாணயங்கள் பொன்னாகும். ஊதா நட்சத்திரங்கள் அனுபவமாகும். எதிரியும் அதே பலகையில் மாறி மாறி ஆடுவதால், தனக்கு வேண்டிய மணியை எடுப்பதா, எதிரிக்கு வேண்டியதைத் தடுப்பதா என்று யோசிக்க வேண்டும். மணி அடுக்க வந்தவர் ஒரு வாரத்தில் ‘இந்தக் கவசம் வாங்கலாமா, அந்த மந்திரம் கற்கலாமா, எந்தத் திறமையை வளர்க்கலாம்’ என்று கணக்குப் போடுவார். அவர் பாத்திரமேற்பு விளையாட்டுக்குள் வந்து சேர்ந்துவிட்டார். யாரும் அவரிடம் அந்தப் பெயரைச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

கால்பந்துப் பிரியர்களுக்கும் ஒரு வாசல் உண்டு. 2016-இல் வெளிவந்த ‘ஃபிஃபா 17’ விளையாட்டில் ‘த ஜர்னி’ என்ற கதைப் பகுதி சேர்க்கப்பட்டது. அலெக்ஸ் ஹன்டர் என்ற கற்பனை இளைஞன் இங்கிலாந்தின் பிரிமியர் லீக்கில் இடம்பிடிக்கப் போராடுகிறான். பயிற்சியில் ஒழுங்காக ஆடினால்தான் பதினொருவரில் ஒருவனாக இறங்க முடியும். ஆட்டம் முடிந்து நிருபர் கேள்வி கேட்கும்போது ஆவேசமாகவும் பேசலாம், அமைதியாகவும் பேசலாம். ஆவேசம் ரசிகர்களைக் கவரும். அமைதி நிர்வாகிக்குப் பிடிக்கும். கோல் அடிக்க வந்த பையன், ‘என்ன பேசினால் என்ன விளையும்’ என்று சிந்திக்கத் தொடங்குகிறான்.

துப்பாக்கியிலிருந்து பேச்சுக்கு

பெற்றோர்கள் அதிகம் கவலைப்படுவது சுடும் விளையாட்டுகளைப் பற்றித்தான். அங்கேயும் கலப்பு நடந்திருக்கிறது. 2000-ஆம் ஆண்டில் வாரன் ஸ்பெக்டரின் மேற்பார்வையில் வெளியான ‘டியூஸ் எக்ஸ்’ வெளித்தோற்றத்தில் துப்பாக்கி விளையாட்டு. ஆனால், பூட்டிய கதவு ஒன்று வந்தால் அதன் பூட்டை நெம்பலாம், இரகசிய எண்ணைத் தேடலாம், வெடிவைத்துத் தகர்க்கலாம், வேறு வழியாகச் சுற்றிப் போகலாம். திறமையை வளர்க்கும் புள்ளிகள் ஆளைக் கொன்றதற்காகத் தரப்படுவதில்லை. இலக்கை முடித்ததற்கும், புதிய இடத்தைக் கண்டுபிடித்ததற்கும் தரப்படும். தலைமையகத்துக்குத் திரும்பினால், வன்முறையாக நடந்துகொண்டதைப் பற்றிச் சகாக்கள் முகத்துக்கு நேரே கருத்துச் சொல்வார்கள். சுடுவதற்காக வந்தவன் சுடாமலும் வெல்லலாம் என்று அங்கே அறிகிறான்.

2007-இல் வெளியான, பயோவேர் நிறுவனம் உருவாக்கிய ‘மாஸ் எஃபெக்ட்’ இன்னும் ஒரு படி மேலே போனது. ஒரு கட்டத்தில் இரு தோழர்களுள் ஒருவரை மட்டுமே காப்பாற்ற முடியும். எவ்வளவு நன்றாகச் சுடத் தெரிந்தாலும் அந்த முடிவிலிருந்து தப்ப முடியாது. எடுத்த முடிவு, 2010-இலும் 2012-இலும் வந்த அடுத்த பாகங்களுக்கும் கூடவே போகும். விரலின் வேகத்தால் தீர்க்க முடியாத ஒன்றை மனச்சாட்சியால் தீர்க்கச் சொல்கிறது அந்த இடம். பாத்திரமேற்பின் உயிர்நிலை அதுவே.

எண் மட்டும் ஏறினால்

இதுவரை சொன்னது நாணயத்தின் ஒரு பக்கம். மறுபக்கத்தையும் பார்ப்பதே நியாயம்.

பாத்திரமேற்பு விளையாட்டில் இரண்டு அம்சங்கள் உண்டு. ஒன்று, தேர்வும் அதன் பலனும். மற்றொன்று, ஏறிக்கொண்டே போகும் எண்கள். அதாவது அனுபவப் புள்ளி, நிலை, பரிசு. முதல் அம்சத்தைப் படைப்பது கடினம். அதற்கு நல்ல எழுத்தாளர்களும் நீண்ட உழைப்பும் தேவை. இரண்டாவதை எந்த விளையாட்டோடும் எளிதில் ஒட்டவைக்கலாம். ‘மாஸ் எஃபெக்ட்’ வெளியான அதே 2007-இல் ‘கால் ஆஃப் டூட்டி 4’ தன் பலர் ஆடும் பகுதியில் அனுபவப் புள்ளிகளைக் கொண்டுவந்தது. ஏற ஏறப் புதிய துப்பாக்கிகள் கிடைக்கும். 55-ஆம் நிலையை எட்டினால் எல்லாவற்றையும் துறந்து, ஒரு சின்னத்துக்காக மீண்டும் முதல் நிலையிலிருந்து தொடங்கலாம். அதில் வளர்ச்சி இருந்தது. கதையோ பாத்திரமோ இல்லை. இதைத் தீங்கு என்று சொல்ல முடியாது. ஆனால், எண் ஏறுவது மட்டுமே மனிதரை இருக்கையில் கட்டிப்போடும் என்பது அங்கே தெளிவாயிற்று.

அந்த எண்ணோடு பணம் சேர்ந்தபோதுதான் சிக்கல் பெரிதாயிற்று. 2020-இல் சீனாவின் மிஹோயோ நிறுவனம் வெளியிட்ட ‘கென்ஷின் இம்பாக்ட்’ இலவசமாகக் கிடைக்கிறது. அழகிய உலகமும் நல்ல இசையும் கொண்டது. சுற்றித் திரிந்து சண்டையிடும் விளையாட்டையும் பாத்திரமேற்பையும் கலந்த படைப்பு. ஆனால், புதிய பாத்திரங்கள் குலுக்கல் முறையில் கிடைக்கின்றன. ஐந்து நட்சத்திரப் பாத்திரம் ஒரு குலுக்கலில் விழும் அடிப்படை வாய்ப்பு 0.6 விழுக்காடு, 90 முறைக்குள் ஒன்று உறுதி. குலுக்குவதற்கான கற்களை ஆடிச் சேர்க்கலாம். பொறுமை இல்லையென்றால் காசு கொடுத்தும் வாங்கலாம். மாதம் முழுவதும் ஆடிப் பெறுவதை ஒரே இரவில் அப்பாவின் வங்கி அட்டை பெற்றுத் தந்துவிடும். ஆபத்து அங்கேதான் இருக்கிறது.

வாசற்படியும் வலையும் ஒரே வீட்டில் இருப்பதும் உண்டு. மேலே பாராட்டிச் சொல்லப்பட்ட ‘த ஜர்னி’ இருந்த அதே ஃபிஃபா விளையாட்டில்தான், உள்ளே எந்த ஆட்டக்காரர் இருக்கிறார் என்று தெரியாமல் வாங்கும் அட்டைப் பொட்டலங்களும் இருந்தன. 2018-இல் பெல்ஜியம் நாட்டின் சூதாட்ட ஆணையம் இத்தகைய விற்பனை அந்நாட்டுச் சூதாட்டச் சட்டத்துக்கு முரணானது என்று அறிவித்தது. 2019-இன் தொடக்கத்தில் அங்கே ஃபிஃபா புள்ளிகளின் விற்பனை நிறுத்தப்பட்டது. ஆகவே, ஒரு விளையாட்டின் பெயரை மட்டும் கேட்டுவிட்டு நல்லது, கெட்டது என்று முத்திரை குத்த இயலாது. பிள்ளை அதில் எந்தப் பகுதியை ஆடுகிறது என்பதையும் கேட்க வேண்டும்.

நீர்த்துப்போய்விட்டதா?

கலப்பை எதிர்ப்பவர்கள் இன்னொரு பக்கத்திலும் இருக்கிறார்கள். ‘எல்லாரையும் இழுப்பதற்காகப் பாத்திரமேற்பை நீர்க்க வைத்துவிட்டார்கள், பொறுமையாகப் படித்து, முறை வைத்து ஆடும் பழைய விளையாட்டு செத்துவிட்டது’ என்பது அவர்களின் ஆதங்கம். ஒருகாலத்தில் அது உண்மைபோலத்தான் தோன்றியது. 2007-இல் பதுங்கித் தாக்கும் விளையாட்டாகத் தொடங்கிய ‘அசாசின்ஸ் கிரீட்’ 2017-இல் நிலைகளையும், 2018-இல் உரையாடல் தேர்வுகளையும் சேர்த்துக்கொண்டு பாதிப் பாத்திரமேற்பு விளையாட்டாக மாறியது. எல்லாமே கலப்பாகிவிட்டால் அசல் எங்கே என்று கேட்டார்கள்.

விடை 2023-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் வந்தது. ‘பால்டர்ஸ் கேட் 3’ முழுமையாக வெளியானது. பெல்ஜியத்தின் கெண்ட் நகரைத் தலைமையிடமாகக் கொண்ட லேரியன் நிறுவனம் அதை உருவாக்கியது. அந்நிறுவனத்துக்குக் கோலாலம்பூரிலும் ஒரு கிளை உண்டு என்பது மலேசியர்களுக்கு மகிழ்ச்சி தரும் செய்தி. அந்த விளையாட்டில் விட்டுக்கொடுத்தல் எதுவுமில்லை. டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸின் விதிகள், முறை வைத்து நடக்கும் போர், நீண்ட உரையாடல்கள், பேச்சு பலிக்குமா என்று தீர்மானிக்கத் திரையிலேயே உருளும் இருபது முகப் பகடை ஆகிய அனைத்தும் இருந்தன. இருந்தும் அது உலகெங்கும் கொண்டாடப்பட்டு, அந்த ஆண்டின் சிறந்த விளையாட்டு என்ற விருதைப் பெற்றது.

இவ்வளவு பேர் அந்தக் கடினமான விளையாட்டுக்குள் தயக்கமின்றி எப்படி நுழைந்தார்கள்? கலப்பு விளையாட்டுகள் முப்பது ஆண்டுகளாக நிலத்தை உழுதுவைத்திருந்தன என்று சொல்வதில் தவறில்லை. அனுபவப் புள்ளி, நிலை, திறமை, உரையாடல் தேர்வு ஆகிய சொற்கள் கால்பந்து ஆடியவனுக்கும், மணி அடுக்கியவளுக்கும் ஏற்கெனவே பழகிப்போயிருந்தன. எழுத்தறிவு பெற்றவன் புத்தகத்தைத் திறக்க அஞ்சுவதில்லை அல்லவா?

பெற்றோர் கேட்க வேண்டிய மூன்று கேள்விகள்

அப்படியானால் வீட்டில் என்ன செய்வது? கருவியைப் பிடுங்கிப் பூட்டி வைப்பதும், கண்டுகொள்ளாமல் விடுவதும் இரண்டுமே எளிய வழிகள். நடுவழி ஒன்று இருக்கிறது. பிள்ளையின் பக்கத்தில் அரை மணி நேரம் அமர்ந்து மூன்று கேள்விகளைக் கேட்கலாம்.

முதல் கேள்வி: “இந்தக் கதையில் நீ யார்? இப்போது என்ன முடிவு எடுத்தாய், ஏன்?” பிள்ளை உற்சாகமாக விளக்கத் தொடங்கினால், அங்கே சிந்தனை நடக்கிறது. ‘எண் ஏறுகிறது’ என்பதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை என்றால், அங்கே வெறும் பழக்கம்தான் நடக்கிறது.

இரண்டாவது கேள்வி: “நீ இன்று ஆடாவிட்டால் என்ன ஆகும்?” நல்ல கதை நாளைக்கும் காத்திருக்கும். இன்றே வராவிட்டால் பரிசு போய்விடும் என்று மிரட்டும் விளையாட்டு, பிள்ளையின் விருப்பத்தை மதிக்கவில்லை என்று பொருள்.

மூன்றாவது கேள்வி: “இங்கே காசு எதை வாங்குகிறது?” முழு விளையாட்டை ஒருமுறை விலை கொடுத்து வாங்குவது புத்தகம் வாங்குவதைப் போன்றது. என்ன கிடைக்கும் என்று தெரியாமல் மீண்டும் மீண்டும் ரிங்கிட்டைக் கொட்டுவது குலுக்கல் சீட்டு வாங்குவதைப் போன்றது. வங்கி அட்டையின் எண்ணைக் கைப்பேசியில் சேமித்து வைக்காமல் இருப்பதே முதல் பாதுகாப்பு.

இவற்றோடு, உலகச் சுகாதார நிறுவனத்தின் எச்சரிக்கையையும் நினைவில் வைப்பது நல்லது. 2019-இல் ஏற்கப்பட்டு 2022-இல் நடப்புக்கு வந்த அதன் நோய்ப் பட்டியலில் விளையாட்டுக் கோளாறு இடம்பெற்றுள்ளது. அதிக நேரம் ஆடுவது மட்டுமே அந்தக் கோளாறு ஆகிவிடாது. கட்டுப்பாட்டை இழப்பது, மற்ற எல்லாவற்றையும்விட விளையாட்டே பெரிதென்று ஆவது, பாதிப்பு தெரிந்தும் தொடர்வது ஆகியவை அதன் அடையாளங்கள். அவை பொதுவாக ஓராண்டு அளவாவது நீடித்திருக்க வேண்டும். படிப்பும் தூக்கமும் நட்பும் சரியாக இருக்கும் பிள்ளையை அந்தப் பெயரால் அச்சுறுத்துவது நியாயமாகாது.

வேடமேற்பது மனிதருக்குப் புதிதன்று. சொப்பு வைத்துச் சமைக்கும் குழந்தையும், முகத்தில் சாயம் பூசி விடிய விடியத் தெருக்கூத்தில் நின்ற கலைஞனும் வேறொருவராக இருந்து பார்த்தவர்களே. வேறொருவரின் இடத்தில் நின்று முடிவெடுத்துப் பார்ப்பது, தன் இடத்துக்குத் திரும்பி வரும்போது மனிதரைச் சற்று விரிவாக்குகிறது. அந்த அனுபவத்துக்கு ஒரு பிள்ளையைப் பந்தாட்டம் அழைத்து வந்தால் என்ன, வண்ண மணிகள் அழைத்து வந்தால் என்ன? படி எதுவாக இருந்தாலும், ஏறியபின் உள்ளே வீடு இருக்கிறதா, அல்லது முடிவில்லாமல் படிகளே இருக்கின்றனவா என்று பார்த்துச் சொல்ல வேண்டிய பொறுப்பு பெரியவர்களுடையது. அதற்கு அவர்கள் முதலில் பக்கத்தில் வந்து உட்கார வேண்டும்.